முப்பத்தோராவது உறை

கங்காஸ் டயர் கடையில் ஒரு பெயிண்ட் வாளி நிறைய
சக்கர ஓரத்தில் அடிக்கும் எடைக்கட்டிகள்.
வாளி பன்னிரண்டு டாலர்.
கிரீஸ், சாலை உப்பு, இரண்டு சிகரெட் துண்டு
எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை.

காரேஜ் கதவைப் பாதி தூக்கி வைத்தேன், புகை போக.
ஏப்ரல். ஆனாலும் சுப்பீரியர் ஏரி
கரையோரம் இன்னும் வெள்ளையாகத்தான் படுத்திருக்கிறது.
ஈயச்சட்டியில் முதலில் ஒன்றுமே நடப்பதில்லை.
பிறகு ஒரு கட்டி,
பேருந்தில் தூங்குகிறவளின் தலையாய்
பக்கவாட்டில் சரிகிறது.
துத்தநாகம் மிதந்தால் உடனே அள்ளி எறிய வேண்டும்,
கரைந்தால் சட்டியே கெட்டது.
மெழுகு போட்டுக் கிளறக் கிளற
அழுக்கு மேலே ஏறுகிறது. அடியில் வெள்ளித் தகடு,
அதில் பாதுகாப்புக் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிப் பேருந்து டிரைவர்.
நான்தான்.

அச்சு சூடேறும்வரை விழுவதெல்லாம்
பிறந்தவுடன் கிழடான குண்டுகள்.
திரும்பச் சட்டிக்கே.
இருபதாவதிலிருந்துதான் வழவழப்பு.

ரைஃபிள் நாற்பத்து மூன்றாம் வருடத்தது, இஷெவ்ஸ்க்.
அவசரத்தில் கடைந்த இரும்பு,
அரம் ஓடிய தடம் இன்னும் விரலில் சொரசொரக்கிறது.
மரத்தில் ஓர் ஒட்டு, வேறு மரத்தால்.
எந்தக் கை, எந்தக் கிடங்கின் எண்ணெய்,
யாரைப் பார்த்து அது நீட்டப்பட்டது,
தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன்.
எனக்குத் தெரிந்தது அதன் தொண்டை அளவு.
மெத்தென்ற ஈயத்தைக் குச்சியால் தள்ளி அளந்தேன்:
புத்தகம் சொல்வதைவிட மயிரிழை அகலம்.
கடைக் குண்டு அதில் அண்ணன் சட்டை போட்ட தம்பி.
அதனால்தான் இந்தச் சட்டி, இந்தப் புகை,
அதற்கென்றே அளவெடுத்த இந்தத் தையல்.

ஞாயிறு இரவு, தட்டில் ஐம்பது பித்தளை உறைகள்.
மருந்து கொஞ்சம், உறை பெரிது.
டார்ச் அடித்துக் குனியாவிட்டால்
இருப்பதும் இல்லாததும் ஒரே இருட்டு.
முப்பது முடித்தபோது போன்.
டெல்பர்ட். விவாகரத்தாகி ஆறு வருடம்.
பனிச் சங்கிலி எங்கே வைத்தாய்?
ஏப்ரலில் எதற்கு?
சும்மா. இருக்கிற இடம் தெரிந்தால் போதும்.
நீல டிரம்முக்குப் பின்னால் என்றேன்.
அவன் வைக்கவில்லை.
நானும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.
திரும்பி வந்து முப்பத்திரண்டில் தொடங்கியிருக்கிறேன்.
அது அப்போது தெரியாது.
குனிந்து பார்க்கவும் இல்லை, அன்றைக்கு.

சனிக்கிழமை, சுடுதளம், மணற்குன்றுக்கு முன்னால்.
பதின்மூன்று போயின, நல்லபடியாக.
பதினாலாவது
டப்.
அடுத்த வீட்டில் யாரோ அலமாரியைச் சாத்தியதுபோல.
தோளில் உதை இல்லை.
கை தன்பாட்டுக்கு போல்ட்டைப் பாதி இழுத்துவிட்டது,
பழகின கைக்கு யோசனை கிடையாது.
பக்கத்து மேசை வெர்னா ஹைக்கினென்
காதில் மஞ்சள் அடைப்போடு தன் இலக்கையே பார்த்திருந்தாள்.
நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.
அவ்வளவு பெரிய வாய்க்கு
அவ்வளவு சின்னச் சொல் பொருந்தவில்லை,
அவ்வளவுதான். நின்றேன்.
குழலுக்குள் எட்டிப் பார்த்தால் வெளிச்சம் வரவில்லை.
இன்னொன்றை அதன் பின்னால் அனுப்பியிருந்தால்
இதை எழுதும் விரல்கள் எத்தனை என்று எண்ண வேண்டியிருக்கும்.

வெர்னாவின் பித்தளைக் கம்பியை இரவல் வாங்கித்
தட்டித் தட்டி இறக்கினேன்.
மண்மேட்டுக்குள் போனவை எல்லாம் நசுங்கிப்போகும்.
இது முழுசு. நாலு வரி, வலப்பக்கம் சாய்ந்து.
எண்பது வருடமாக அந்தக் குழல்
யார் யாருக்கோ அனுப்பிய கையெழுத்து,
ஒன்று மட்டும் போய்ச் சேராமல்
என் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது, இன்னும் இளஞ்சூடாக.

மீதி முப்பத்தாறையும் வீட்டில் தட்டிப் பிரித்தேன்.
எல்லாவற்றிலும் மருந்து இருந்தது.
அந்த ஒன்றை ஜன்னலில் வைக்கலாமா என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
நல்ல ஈயம். சட்டியில் போட்டேன்.
நாலு வரியும் கரையப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

இன்று மறுபடி ஐம்பது.
இருபத்தெட்டில் போன் அடித்தது.
அடிக்கட்டும்.
இருபத்தொன்பது.