உப்பிட்டவன்

கடல் இல்லாத நாடு பராகுவே.
ஆனாலும் எங்களிடம் ஒரு நங்கூரச் சங்கிலி உண்டு.
எந்தக் கப்பலுடையதோ.
ஒவ்வொரு கண்ணியும் ஒரு கன்றுக்குட்டி எடை.
ஒரு முனை என் புல்டோசரில்,
மறுமுனை அனிசெத்தோவின் புல்டோசரில்.
நடுவில்
எண்பது மீட்டர் அகலத்துக்குச் சாக்கோக் காடு.

இருவரும் ஒரே வேகத்தில் போகவேண்டும்.
அதுதான் வேலை, அது மட்டும்தான்.
வயர்லெஸ்ஸில் அவன் கால்பந்து பேசுவான்,
நான் ‘ம்’ கொட்டுவேன்.
நடுவில் விழுவது எதுவும்
எங்கள் காதில் விழாது.

கெப்ராச்சோ என்றால்
கோடரியை முறிப்பது என்று அர்த்தம்.
பெயர் வைத்தவனுக்குச் சங்கிலி தெரியாது.
பாட்டில் மரம் வேறு மாதிரி.
வயிறு பெருத்து நிற்கும் அது
வெடித்துத் தெறித்ததில் என் கண்ணாடி முழுக்க ஈரம்.
மழையே இல்லாத ஆகஸ்டில்
வைப்பர் போட்டு ஓட்டினேன்.

ஒருநாள் ஏழு காட்டுப்பன்றிகள் முன்னால் ஓடின.
எங்கள் வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர்.
அவை எளிதாகத் தப்பியிருக்கலாம்.
மரங்கள் முடிந்து வெளி தொடங்கும் இடம்வரை போய்
நின்றன.
திரும்பி எங்களை நோக்கி வந்தன.

மறைக்கமாட்டேன்.
தகரக்கூரை, நிடியாவின் பள்ளிக் காலணி,
இக்னாசியா கட்டிக்கொண்ட இரண்டு பல்,
எல்லாம் சங்கிலி தந்தவை.

பிறகு கிணறு கரித்தது.

மாத்தே கரிக்கிறது என்றாள் இக்னாசியா.
இலை சரியில்லை என்றேன்.
அடுத்த வாரம் கடைக்காரனைத் திட்டினேன்.
அதற்கடுத்த மாதம்
தாழ்ந்த மேய்ச்சலில் புல் கருகி
வெள்ளையாக ஏதோ பூத்துக் கிடந்தது.
பனி பனி என்று ஓடினாள் நிடியா,
பனியைப் படத்தில் மட்டுமே பார்த்தவள்.
விரலால் தொட்டு நக்கிவிட்டு
என்னைப் பார்த்தாள்.

மண் அளக்க வந்த பெண்
குழாயை இறக்கியபடியே சொன்னாள்:
கீழே ஒரு பழைய கடலின் உப்பு படுத்திருக்கிறது.
மரங்கள் குடித்துக் குடித்து
நீரை ஆழத்திலேயே வைத்திருந்தன.
இப்போது குடிக்க ஆளில்லை.
நீர் ஏறுகிறது,
உப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு.

ஆக, இங்கே கடல் இருந்திருக்கிறது.
நங்கூரமும் இருந்திருக்கிறது.
அதைத்தான் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தோம்
நானும் அனிசெத்தோவும்,
கோல் கணக்குப் பேசியபடி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த மண்ணுக்கு உப்பிட்டவன் நான்.
என்னை அது நினைக்கும்.

வடகாற்றுப் புழுதியை மறிக்க
இரண்டு மேய்ச்சலுக்கு நடுவே
நூறு மீட்டர் காடு விடவேண்டும் என்று சட்டம்.
அறுபது போதும் என்றார் மேலாளர் வால்டேமார்,
யார் வந்து அளக்கப்போகிறார்கள்?
அவரே கம்பு நட்டு
அவரே சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்.

இரவு டார்ச் இல்லாமல் போனேன்.
பதினொரு கம்புகள்.
ஒவ்வொன்றாகப் பிடுங்கி
ஐம்பது காலடி தள்ளி நட்டேன்.
வீரம் ஒன்றுமில்லை; தொடை நடுங்கியது.
உள்ளே ஏதோ கிளை மாறி உட்கார்ந்தது.
பகலில் நாற்பத்து மூன்று டிகிரியில்
நாங்கள் சோறு தின்று படுக்கிற நிழலும்
அந்தப் பட்டைதான்.
சாகவேண்டியது தெரியாமல்
எங்களுக்கு விரித்துக்கொண்டிருந்தது.

காலையில் சங்கிலி மாட்டினோம்.
கம்புகளைப் பார்த்தான் அனிசெத்தோ.
தரையில் என் பூட்ஸ் தடத்தைப் பார்த்தான்.
வயர்லெஸ் நெடுநேரம் கரகரத்தது.

வால்டேமார் வியாழக்கிழமை வருகிறாராம் என்றான்.
ம் என்றேன்.
நேற்றைய ஆட்டம் பார்த்தாயா என்றான்.
இல்லை என்றேன்.

சிவப்புத் துணி நெருங்கியது.
அவன் வேகத்தைக் குறைத்தான்.
நானும் குறைத்தேன்.
இருவரும் ஒரே வேகத்தில் நிற்கவேண்டும்,
இல்லையென்றால்
சங்கிலி போய்க்கொண்டே இருக்கும்.