பொட்டலத்தில் இரண்டு வாஷர்

நவம்பரில் தெருவைத் தோண்டி
பெரிய குழாயை ஒட்டவைத்துப் போனார்கள் நகராட்சிக்காரர்கள்.
அன்றிலிருந்து எங்கள் கழிப்பறைத் தொட்டிக்கு
மூச்சிரைப்பு.
ஒருமுறை நீரை இறக்கினால்
மறுபடி நிரம்ப இருபத்தாறு நிமிடம்.
கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன்,
அதற்குள் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, வதக்கிவிடலாம்.

மீன் டப்பா ஆலையில் என்னோடு நிற்கும் வெல்கா
ஒரு ஞாயிறு தேநீருக்கு வந்தவள்
உள்ளே போய்த் தாழிட்டு
வெளியே வரவேயில்லை.
தட்டினால், "இதோ, கொஞ்சம்தான்" என்கிறாள்.
இரண்டாம் முறை அமுக்கத் தண்ணீர் சேரட்டும் என்று
அந்தக் குளிரில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள், பாவம்.

தம்பி ஐவர்ஸ் அப்போதே வந்துவிட்டான்.
மனைவி கதவைச் சாத்திய மறுநாள்
ஒரு பையும் மடக்குத் தூண்டிலுமாக.
"ஒரு வாரம்தான் அக்கா."
சோபாவின் பள்ளம் இப்போது அவன் உருவத்தில் இருக்கிறது.

"இந்தத் தொட்டியைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்."
பனி விழுமுன் சொன்னான்.
பனி விழுந்தபின் சொன்னான்.
லியெபாயாவின் கால்வாய் உறைந்து
அதன்மேல் நாய்கள் ஓடத் தொடங்கியபின்னும் சொன்னான்.
ஒருநாள் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்து
கைவிட்ட மருத்துவரைப்போலத் தலையசைத்து
மூடியை வைத்துவிட்டான்.

நேற்றிரவு
கையில் மீன் வாடை, பொறுமையில் ஓட்டை.
கடைக்காரி சொன்னது நினைவிருந்தது:
மண் புகுந்திருக்கும், கோப்பையைக் கவிழ்த்துப் பிடி.
பொட்டலத்தில் இரண்டு வாஷர் தந்தாள்,
ஒன்று தொட்டிக்கு, ஒன்று குழாய்க்கு,
தனித்தனியாக விற்பதில்லையாம்.

சுவரோரக் குமிழைத் திருகி நீரை அடைத்தேன்.
மிதவையை ஒதுக்கி
வால்வின் தலையைக் கால்திருப்பு திருப்ப
கழன்று கையில் வந்தது.
எட்டிய கோப்பை ஐவர்ஸுடையது, விளிம்பு உடைந்தது.
அதைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டு
குமிழைத் திறந்தேன்.
அப்பா! அடைபட்டிருந்த அத்தனை கோபமும்
கோப்பைக்குள் வந்து முட்டியது,
முழங்கை வரை ஐஸ்.

பிறகு உள்ளங்கையில் பார்த்தேன்.
துருச் செதில் ஒன்று. மணல் ஒன்று,
கடுகைவிடச் சிறியது,
காரம் மட்டும் மூன்று மாதம்.

பழைய வாஷரில் அதன் தடம் பதிந்திருந்தது.
புதிதைப் போட்டு மூடினேன்.
யாரையும் எழுப்பவில்லை.

காலையில் அவன் போனான்.
அமுக்கும் சத்தம்.
தடதடவென்று நீர் ஏறி
ஒரு நிமிடம்கூட இல்லை,
டக்கென்று நின்றது.
நெடுநேரம் கதவு திறக்கவில்லை.
மறுபடி அமுக்கினான்.
மறுபடி டக்.

வெளியே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை.
சோபாவுக்குப் பின்னால் சாத்தியிருந்த தூண்டிலைப் பார்த்தான்,
ஜன்னலில் அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்தான்,
காபியை ஊற்றிக்கொண்டான், அதே கோப்பையில்
(நன்றாகத்தான் கழுவினேன்).
ஒரு மிடறு. இன்னொன்று.

"சமையலறைக் குழாய் சொட்டுகிறதே அக்கா,
கவனித்தாயா?"

சொட்டத்தான் செய்கிறது.
மேலங்கிப் பைக்குள் விரல்
அந்தச் சின்ன ரப்பர் வளையத்தை
ஒரு சுற்றுச் சுற்றியது.

"அப்படியா" என்றேன்,
"பாரேன், உனக்கு நேரம் கிடைக்கும்போது."