திறந்துவிட்டு யோசிக்காதீர்

ஐந்து சீசன் வாடகைக்கு விட்ட ட்றெயிலரில்
இன்றுதான் நாங்களே போகிறோம்.
படகு ஏற்றும் பழைய சட்டத்தின்மேல்
சாம்பல்தீவில் வைத்துப் பொருத்திய அறை:
ஒரு கட்டில், ஒரு ஜன்னல்,
என் இடுப்புயரத்தில் ஒரு பிறிட்ஜ்.

அதன் கதவில் மூன்று மொழியில்
நான் எழுதி ஒட்டிய தாள்.
வருகிறவர்களுக்கு உறைக்கட்டும் என்று
கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன்:
முதல்நாள் இரவே குளிரவிடுக.
சூடாறாத எதையும் உள்ளே வைக்காதீர்.
ஓடும்போது காஸை மூடுக.
சரிவில் நிறுத்தாதீர், சரிந்து நின்றால் அது வேலை செய்யாது.
திறந்துவிட்டு யோசிக்காதீர்,
யோசித்துவிட்டுத் திறவுங்கள்.

நேற்றிரவு உப்புவெளியில்
சில்லுக்கடியில் பலகைத் துண்டு செருகி
தேசிக்காய் ஒன்றைத் தரையில் வைத்து
அது உருளாமல் நிற்கும்வரை
மட்டம் பார்த்தார் சசிதரன்.
விடிய உள்ளே அடுக்கினேன்:
கல்லாய் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஏழு,
நடுவில் பாரைத் துண்டுகள்,
கிண்ணியா எருமைத் தயிர் ஒரு முட்டி,
மிச்ச இடைவெளிக்கு
மடித்த துவாய் இரண்டு.

ரயர் ஒன்று காற்றுப் போய்
புறப்பட நாலு மணியாயிற்று.
கச்சான் காற்று
அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது.
பாலையூற்று தாண்டமுன்னமே கேட்டேன்:
"ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமா?"
"பாத்தா? திறந்த உடனே பாதிக் குளிர் போயிடும்.
நீர்தானே எழுதினது."

வான் பற்றறியிலிருந்து பின்னால் போகும்
அந்த ஒற்றை வயரை நினைத்துக்கொண்டே
தம்பலகாமத்து வயல்களைக் கடந்தேன்.
கொக்கு நின்றதாம். நான் பார்க்கவில்லை.

வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில்
முன்னால் நின்ற பஸ் விளக்கை அணைத்தது.
நாங்களும் அணைத்தோம்.
எஞ்சின் நின்றது,
அதோடு பிறிட்ஜுக்குப் போகும் கரண்டும்.

இருட்டுக்குள் இருட்டாய் அது ரோட்டில் நின்றது.
ஒரு காது மட்டும் அசைவது தெரிந்தது.
பஸ்ஸுக்குள் யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள்.

நான் நிமிஷம் எண்ணியது தயிருக்காக.
இருபது. இருபத்தைந்து.
சசிதரன் காதுக்குள் சொன்னார்,
பயந்தால் மெக்கானிக் கதை பேசுவது அவர் வழக்கம்:
"குளிர் எண்டு ஒண்டு இல்லையப்பா.
உள்ள இருக்கிற சூட்டைக் காவி
வெளிய கொட்டுறதுதான் அதின்ர வேலை."

பஸ்ஸைக் கடந்து
எங்கள் கண்ணாடியைக் கடந்து
நடந்து வந்தது.
ட்றெயிலரின் பக்கச் சுவரில்
சூடு வெளியேறும் தகரக் கிராதி இருக்கிறது;
அதனருகில் நின்றது.
தும்பிக்கை நுனியால் தடவி
பாரையும் தயிரும் ஏழு போத்தலும்
பகல் முழுக்க விட்டுக்கொடுத்த சூட்டை
நீளமாய் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தது.

பிறகு எதுவோ பிடிக்காததுபோல் போய்விட்டது.

கந்தளாய்க் குளத்தருகே
கடை ஒன்றின் பின்வளவில் இடம் தந்தார்கள்.
தேசிக்காய், பலகை, மட்டம்.
காஸைத் திறந்து நெருப்பு வைத்தோம்.
நீலமாய், விரல்நுனி அளவு.
குளிருக்கு நெருப்பு வைக்கிறோம் என்று
ஒவ்வொரு தடவையும் போல இன்றும் சிரிப்பு வந்தது.

கடைசியில் கதவைத் திறந்தேன்.
போத்தல்களுக்குள் பாதிக்கல் மிதந்தது.
தயிரில் ஒரு கோடுகூட விழவில்லை.
காலடிக்கு இறங்கிய குளிர்
முதலில் கணுக்காலைத் தொட்டது,
பிறகு செருப்புக்குள் போனது.

எதை எடுக்க வந்தேன் என்று மறந்துபோய்
அப்படியே நின்றேன்.
பின்னால் அவர் நிற்கிறார்.
தாளை வாசிக்கிறார்போல.
ஒன்றும் சொல்லவில்லை.