எட்டாவது வரி

ஆகஸ்ட் பதினாறு, விடியப்புறம் மூன்று மணி.
ஒத்திகைப் பெட்டி என்று நினைத்து
நிசத்தை அழித்துவிட்டேன்.
நாற்பத்துமூன்று வள்ளங்களின் மீன் நிறை.
விடிந்ததும் சீனக்குடாக் களஞ்சிய வாசலில்
துண்டுச் சீட்டு இருந்தவரும் இல்லாதவரும்
அறக்குளாவுக்கும் சூரைக்கும் நிறை சொன்னார்கள்.
ஒருவரும் குறைத்துச் சொல்லவில்லை.

இரண்டு டெர்மினலும் கறுப்பு,
பிழை அதில்தான், என் கண்ணில் அல்ல
என்று அறிக்கையில் எழுதினேன்.

பிறகு ஏழு வரி.
நிசத்துக்குள் போனால் பின்னணி
வெட்டிய சூரையின் சிவப்பு.
ஒத்திகை என்றால் பாசிப் பச்சை.
எஸ்கேப், மூடும் சதுர அடைப்பு,
பதினொன்று, அரைப்புள்ளி, நிறத்தின் இலக்கம்,
கடைசியில் மணி எழுத்து.
இந்த இடத்தில் அடிக்காத மணி.
பதினொன்றுக்குப் பதில் பத்துப் போட்டால்
எழுத்துச் சிவக்கும்; போட்டேன், சிவந்தது.
வெளியே வரும்போது நூற்றுப்பதினொன்று:
போனது போகட்டும், பழையபடி.
'கேஸ்' என்று திறந்ததை
'ஈசாக்' என்று மூடவேண்டும்,
கழற்றிய சட்டை உள்பக்கம் வெளியே கிடப்பதுபோல.

மூதூரிலிருந்து இரவு வேலைக்கு வரும் றிப்கானுக்குப்
பெருமையாய்க் காட்டினேன்.
"இதில எது சிவப்பு, மிஸ்?"
பகிடி என்று சிரித்தேன்.
"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்.
மாரிக்குக் கங்கைப் பாலத்துக்குக் கீழ ஓடுமே,
அந்தத் தண்ணி."

ஐந்து வருடம் அடுத்தடுத்த கதிரை.
துறைமுக வேலைக்கு எழுதிப் பாசாகி
கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பினதை
தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு
அன்றைக்குத்தான் சொன்னான்.

யன்னலுக்கு வெளியே மிதவை விளக்குகள்.
ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.
"அப்ப அதுகள்?"
"நிறத்தை ஆர் பார்க்கிறது? எண்ணுங்க.
அது ரெண்டு தரம் வெட்டிப்போட்டு நிக்கும்.
இது ஒரு தரம்."
எண்ணினேன்.
இந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவள்,
இரண்டு முறை பிழைத்து
மூன்றாம் முறை சரியாய் எண்ணினேன்.

எட்டாவது வரி:
நிசத்தில் மட்டும் கர்சர் இமைக்கட்டும்.
சேமித்துவிட்டு உள்ளே போனேன்.
சூரைச் சிவப்பின் ஓரத்தில்
வெள்ளைக் கட்டி ஒன்று
இருந்தது, இல்லை, இருந்தது.

றிப்கான் கதிரையைப் பின்னுக்கு இழுத்து
இரண்டு கையையும்
மடியில் வைத்துக்கொண்டான்.