உரிமையின் நிறம்

லயன்ஸ் கிளப் கூடத்தில் கோர்ட்.
மாதம் ஒருமுறை நீதிபதி வருவார்,
பனி வழிவிட்டால்.
அவர் தலைக்குப் பின்னால் பிங்கோ பலகை,
விளக்கணைந்த எழுபத்தைந்து எண்கள்.

நியூஃபவுண்ட்லாந்து, தென்கரை, மார்ச் மாதம்.
நான் சாட்சி. ஆம்ப்ரோஸ் ரைட்அவுட்.
படகு ஒட்டுகிறவன்.
என் பிசின் வாடை எனக்கு முன்பே கூண்டேறிவிட்டது.
கூண்டு என்றா சொன்னேன்? மடக்கு நாற்காலி.

எதிரே வெர்னா கீப்பிங்.
நண்டு ஆலையில் இருபத்தாறு வருஷம் நின்ற கால்கள்,
உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தன.
பிப்ரவரியில் ஒரு விடிகாலை
கோடரியோடு துறைக்கு இறங்கி
கரையேற்றி நிறுத்திய படகின் வயிற்றில்
ஏழு ஓட்டை போட்டாள்.
எட்டாவதற்குக் காம்பு ஒத்துழைக்கவில்லை.
வீட்டுக்கு வந்து, தானே போலீஸுக்கு ஃபோன் செய்து,
அவர்களுக்கும் சேர்த்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும்.
எல்ட்ரெட் நண்டு லைசென்ஸை விற்றுவிட்டான்,
அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
அதற்குக் குற்றச் சட்டத்தில் பிரிவு இல்லை.
ஓட்டைக்கு இருக்கிறது.

"படகில் பாதி என்னுடையது" என்றாள்.
அரசு வக்கீல் இளைஞன், ஷூவில் இன்னும் நகரத்துப் பளபளப்பு.
புத்தகத்தைப் பிரித்தான்:
பாதி சொந்தமானாலும் அழிம்பு அழிம்புதான்.
சரிதான்,
கோடரிக்குப் பாகப்பிரிவினை தெரியாது.

அவள் வக்கீல் எழுந்து
உரிமையின் நிறம் என்று ஏதோ சொன்னார்.
உரிமை உண்டென்று மனசார நம்பிச் செய்தால்
அந்த நம்பிக்கைக்குச் சட்டம் வைத்த பெயராம்.
எனக்கு அந்த நிறம் தெரியும்.
கடல்நீலம், இரண்டு பூச்சு.
முகப்பில் அவள் பெயரை எழுதியது நான்,
படகு வாங்கிய கோடையில்,
எல்ட்ரெட் காசு கொடுத்து,
பக்கத்தில் நின்று சீட்டியடித்தபடி.

என் முறை வந்தது.
சேதம் எவ்வளவு?
ஐயாயிரம் டாலரைத் தாண்டினால்
பத்து வருஷம்வரை போகலாமாம்.
தாண்டாவிட்டால் இரண்டோடு நின்றுவிடும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
எல்லோரும் சொல்லாமல் என்னையே பார்த்தார்கள்.

பலகை, கண்ணாடி இழை, பிசின்: மூவாயிரத்து நூற்று நாற்பது.
கூலி, மணிக்கு முப்பது, அறுபத்து நான்கு மணி:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
கூட்டினால் அறுபது டாலர் அதிகம்.
கணக்கு என் கையெழுத்தில், கோணல்மாணலாக.
பொய் எழுதத் தெரியாது எனக்கு;
தெரிந்திருந்தால் கடன்காரனாக இருந்திருக்க மாட்டேன்.

மறுபடி படித்தேன்.
கடைசி வரி: பெயரைத் திரும்ப எழுத, இரண்டு மணி.
பழக்கத்தில் போட்டது. எந்தப் படகுக்கும் போடுவது.

"ஐயா, ஒரு திருத்தம்" என்றேன்.
"ஏழு ஓட்டையும் நீர்மட்டத்துக்குக் கீழே.
பெயரை அவள் தொடவே இல்லை."

பென்சில் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.
ஐயாயிரம்.
தாண்டவில்லை. தொட்டு நிற்கிறது.
நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.

நன்னடத்தை ஒரு வருஷம். படகின் செலவு அவள் தலையில்.
வெள்ளிக்கிழமைதோறும்
நண்டு வாடையடிக்கும் நோட்டுகளைக் கொண்டுவந்து தருகிறாள்.
எண்ணி வாங்குகிறேன். பேசுவதில்லை.

மே மாதம் எல்ட்ரெட் வந்தான்.
ஓட்டைகளைத் தடவிப் பார்த்தான், நல்ல வேலை என்றான்.
பிறகு முகப்பைக் காட்டி,
"அதைச் சுரண்டி எடுத்துவிடு, காசு நான் தருகிறேன்."

உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.
எடுத்து, கேட்டேன்:
"அவள் கையெழுத்து இருக்கிறதா?"
"என் படகு."
"பாதி."
பாதி சொந்தமானாலும் என்று அந்தப் பையன் படித்ததை
அவனும் அன்று கூடத்தில் கேட்டவன்தான்.

அவர்கள் எழுத்தில் அந்தப் பெயர் ஐந்தெழுத்து.
"உன் பங்கு இரண்டரை, எல்ட்ரெட்.
எந்த இரண்டரை என்று சொல்."

அவன் நீலத்தைப் பார்த்தபடி நின்றான்.
வெயில் இல்லாத நாள்.
ஆனாலும் அது மங்கவில்லை,
நல்ல பெயிண்ட்.