காத்தை யாரு பிடிச்சுக்குவா

வேலந்தாவளம் செக்போஸ்ட் வருவதற்குள்
ஊசி சிவப்பைத் தொட்டுவிடும்.
ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு,
பெல்ட் மூன்றுமுறை மாற்றியாயிற்று.
எண்பத்தெட்டு மாடல் கான்டெஸா.
போனட்டைத் திறந்தால்
பெரிய வீட்டில் ஒண்டிக் குடித்தனம் மாதிரி
எஞ்சினைச் சுற்றி அவ்வளவு இடம்.

அபுதாகிர் ஊதுபத்தி கொளுத்தி
கிரில்லுக்கு முன்னால் நீட்டினார்.
புகை ரேடியேட்டர் வரைக்கும் போய்
பக்கத்துச் சந்தில் நழுவியது.
"வர்ற காத்து
வேலை செய்யாம கூலி வாங்கிட்டுப் போகுது.
ரெண்டு பக்கமும் தகடு இருந்திருக்கணும்,
எவனோ கழட்டிட்டான்."
ஆறு துளைகள். பக்கத்துக்கு மூன்று.
எதற்கென்று நான் கேட்டதே இல்லை.

உக்கடத்தில் சிரித்தார்கள்.
பாலக்காட்டில் சிரிக்காமல் இல்லையென்றார்கள்.
சித்தூரில் ஒருவர் அம்பாசடர் தகரத்தைக் காட்டி
தட்டி நீட்டினால் சேரும் என்று
பிள்ளைமேல் சத்தியம் செய்தார்.
இடது தகடு கஞ்சிக்கோட்டில்,
ஆக்ஸில் குவியலுக்கு அடியில், நூற்றைம்பது ரூபாய்.
வலதைக் கண்டவரில்லை.

ஆடி. கணவாய்க் காற்று
லாரித் தார்ப்பாய்களை அறைந்துகொண்டிருக்கிறது.
வழக்கம்போல் ஆவி விட்டு நிற்கிறது வண்டி,
வழக்கம்போல் தெய்வாத்தாள்
தண்ணிக் குடத்தோடு வருகிறாள்.
மூன்று மாதமாய் டீ குடிக்கிற கடை.
இன்றுதான் அடுப்பைப் பார்க்கிறேன்:
தீயை வளைத்து நிற்கும் கறுத்த தகடு,
மூன்று துளை,
ஓரத்தில் அதே மடிப்பு.

விலை கேட்டேன்.
"எடுத்துட்டுப் போங்க.
காத்தை யாரு பிடிச்சுக்குவா, நீங்களா?"

அவள் பிஸ்கட் அட்டையைத்தான் கிழித்துத் தந்தாள்.
அடுப்பு ஆறும்வரை இருக்கப் பொறுமையில்லாமல்
கரித்தகட்டில் அட்டையை வைத்து அழுத்தினேன்.
துளைகள் பதிந்தன,
விரல் இரண்டு பொசுங்கியது.

அபுதாகிர் ஒரு ரோட்டுப் பலகையை வெட்டினார்.
அதன் உட்புறம் இன்னும் மலையாளத்தில்
'சூக்ஷி' வரைக்கும் இருக்கிறது.
மிச்சம் பட்டறைத் தரையில்.

நேற்று செக்போஸ்டில் நிறுத்தினேன்.
ஊசி பாதியில்.
குடத்தோடு வந்த தெய்வாத்தாள்
போனட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"அப்ப டீ மட்டுந்தானா" என்று
குடத்தைத் திருப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.