மேலிருந்து கீழாக

பள்ளத்தூர். பலகாரக் கடையின் பின்கட்டு.
எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவிட்ச்போர்டுக்குக் கீழே
மடியில் லேப்டாப்.
உண்ணாமலை சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஆர்டர் என்றால் அடுப்படிக்கு, நூற்றொன்று.
வங்கி என்றால் கணக்கருக்கு.
சிங்கப்பூர் எண் நடுராத்திரியானாலும்
என் கைபேசிக்கு.
இருபது நொடியில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு.
அவரும் அசையாவிட்டால்
ஒரு நிமிஷம் நாதஸ்வரம், அப்புறம் மன்னிப்பு.

குரலைத் தாழ்த்தி
ஓர் எண் சொன்னார், சீட்டைப் பார்க்காமல்.
இது மட்டும் எங்கேயும் போகக் கூடாது.
மணியே அடிக்க வேண்டாம்.

யாரென்று கேட்கவில்லை.
பிஸ்கட் டின்மேல் வழக்குக் கட்டு கிடந்தது.
ஒரே வீடு, பதினாறு பங்கு,
முகப்புக் கதவுக்கு இரண்டு பூட்டு.

இந்த இயந்திரத்துக்கு நியாயம் கிடையாது.
மேலிருந்து கீழாக வாசிக்கும்.
முதலில் பொருந்துவதைப் பிடித்துக்கொண்டு
மீதியைப் படிக்காமலே போய்விடும்.
தெரிந்த விஷயம்தான்.
காரைக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது,
அந்த எண்ணை அடியில் போட்டுவிட்டேன்.
அதற்கு மேலே, வாயை அகலத் திறந்து,
பூஜ்ஜியம் நாலு ஐந்து ஆறு ஐந்து
பின்னால் எதுவானாலும்
அடுப்படி.

செவ்வாய் காலை பதினொன்று நாற்பது.
பதிவேட்டில் அதே எண்.
நூற்றொன்று. நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி.

சொர்ணவல்லிக்கு ஆளைத் தெரியாது.
மாவுக் கையோடு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.
எதற்குக் கூப்பிட்டாரோ,
அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல்,
அப்புறம் மனகோலம் இரண்டு கிலோ.
வெல்லம் தூக்கலா இருக்கட்டும்,
போன தடவை மாதிரி வேண்டாம் என்றாராம்.

போன தடவை என்பது
பதினோரு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி.

தப்பு என்னுடையது, வரிசையை மாற்றிவிடுகிறேன்,
அரை நிமிஷ வேலை என்றேன்.
உண்ணாமலை திரையில் அந்த நாலு நிமிஷத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுந்து அடுப்படிக்குப் போய்
பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு
விரலால் உருட்டினார்.
இன்னும் கொஞ்சம் வெல்லம் போடு சொர்ணம்
என்று மட்டும் கேட்டது.

அந்த வரி இப்போதும் அடியிலேயே கிடக்கிறது,
எந்த அழைப்பும் இறங்கி வராத இடத்தில்.
பில்லில் அதற்கும் சேர்த்துத்தான்
போட்டிருக்கிறேன்.